கம்பியின் நாடி

நரம்பு என்ற சொல்லை நம் முன்னோர் உடம்புக்குள் ஓடுவதற்கும் வைத்தார்கள், யாழில் கட்டியதற்கும் வைத்தார்கள். தந்தி என்ற சொல்லோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே வீணையை விட்டிறங்கிச் சாலையோரக் கம்பங்களின்மீது ஏறிக்கொண்டு, முதலில் அங்கே கட்டியிருந்த இரும்புக் கம்பிக்கும், பிறகு அக்கம்பி வழியே வந்த செய்திக்கும், கடைசியில் அச்செய்தியை எழுதிக் கொடுத்த தாளுக்குமே பெயராகிவிட்டது. வீணையின் தந்தி தளர்ந்தால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் வித்துவானின் செவி அதை அக்கணமே அறிந்துகொள்ளும். ஆனால் நூறு மைல் நீளமுள்ள ஒரு தந்தி, காடும் ஆறும் கடந்து போகிற வழியில் எங்கேயோ ஓரிடத்தில் தளர்ந்துவிட்டால், இந்தக் கோடியில் இருக்கும் அலுவலகமும் அந்தக் கோடியில் இருக்கும் அலுவலகமும் அந்த இடத்தை எப்படி அறிவது? கெட்டுப்போன அந்தக் கம்பியைத் தவிர, ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதற்கு அவற்றிடம் வேறு சாதனமும் இல்லை. இருந்த இடத்தை விட்டு அசையாமலே தூரத்துப் பழுதைக் கண்டறியும் அந்த வித்தை உருவான சரித்திரத்தில், நம் தேசத்துக்கும் கணிசமான பங்கு உண்டு.

இந்தியாவில் அந்தச் சரித்திரத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு வைத்தியர். அயர்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் பயின்று, 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி ரண சிகிச்சையாளராகக் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்துக்கொண்டிருந்த வில்லியம் புரூக் ஓஷாநெஸ்ஸி என்பவர், 1839-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கல்கத்தாவின் அருகே மொத்தம் 21 மைல் நீளத்துக்குக் கம்பி கட்டி, அதில் 7,000 அடி தூரத்துக்கு ஆற்று நீரையே மின்சாரத்துக்கு வழியாக வைத்து, பரிசோதனைகள் நடத்தினார். அந்தப் பரிசோதனையில் செய்தியைக் கண்ணால் படிக்கவுமில்லை, காதால் கேட்கவுமில்லை. கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த விரல்களில் மின்சாரம் தாக்கும் அதிர்ச்சியைக் கொண்டே அறிந்தார்கள். இரு முனைகளிலும் ஒத்து ஓடும் கடிகாரங்கள் இருக்க, எந்தக் கணத்தில் விரல் அதிர்ந்தது என்பதிலிருந்து இன்ன எழுத்து என்று கொண்டார்கள். நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்துப் பழகிய ஒருவர், கம்பியிலும் விரல் வைத்தே அதன் நாடியைப் பார்த்தார் என்பது தற்செயலாக நேர்ந்ததாயினும், இக்கட்டுரையில் நாம் சொல்லவந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பதரிது.

அந்தப் பரிசோதனையைப் பல ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே முதல் தந்தி வழி திறக்கப்பட்டு, மறு ஆண்டில் பர்மா யுத்தச் செய்திகள் கப்பலிலிருந்து இறங்கிய மாத்திரத்தில் கல்கத்தாவை எட்டியபோதுதான், கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபுவுக்கு அதன் அருமை முழுமையாக விளங்கியது. 1853 நவம்பரில் பெரிய அளவில் வேலை தொடங்கி, ஐந்து மாதங்களுக்குள் கல்கத்தாவிலிருந்து ஆக்ரா வரையில் 800 மைல் கம்பி கட்டி முடிந்தது. 1855-இன் தொடக்கத்தில் ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியவற்றையெல்லாம் இணைத்து, 3,050 மைல் நீளமும் 41 அலுவலகங்களும் கொண்டதாகத் தந்தி பொதுஜனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

ஓஷாநெஸ்ஸி முதலில் கையாண்டது மெல்லிய கம்பியன்று. ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு தடிப்புள்ள இரும்புக் கோல்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, மூங்கில்களின்மீது கிடத்தினார். புயலுக்கு அறாது, காக்கையும் பருந்தும் குரங்கும் ஏறினாலும் வளையாது, தரையில் விழுந்து மாடும் யானையும் மிதித்துப்போனாலும் கெடாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் கம்பியின் நோய்கள் எல்லாம் அறுந்துபோவதில் முடிவதாயிருந்தால்தானே தடிப்பு ஒன்றே மருந்தாகும்? ஈரமான மூங்கில் வழியாகவும், பாசி படிந்த கம்பத்தின் வழியாகவும், கண்ணுக்குத் தெரியாமல் மின்சாரம் கொஞ்சங் கொஞ்சமாகப் பூமியில் கசிந்துகொண்டிருந்தால், கோல் எவ்வளவு தடித்திருந்தும், நூறு மைல் தாண்டிய பிறகு அங்கே வந்து சேர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தந்திக் கம்பியின் நோய்களை அக்காலத்துச் சிப்பந்திகள் மூன்றாகப் பகுத்தார்கள். கம்பி அறுந்து மின்சாரம் அடியோடு நின்றுபோவது ஒன்று; கம்பி தரையையோ ஈர மரத்தையோ தொட்டு, மின்சாரம் பாதி வழியில் பூமிக்குள் இறங்கிவிடுவது ஒன்று, அதற்கு எர்த் என்று பெயர்; பக்கத்துக் கம்பியோடு உராய்ந்து, ஒரு கம்பியின் செய்தி மற்றொன்றில் புகுந்துவிடுவது ஒன்று, அதற்குக் காண்டாக்ட் என்று பெயர். இம்மூன்றில் எதுவானாலும், நின்று நிலைத்துவிட்டால் அது பெரிய துன்பமன்று. லைன்மேன் போவான், பார்ப்பான், சீர்செய்வான். துன்பமெல்லாம் விட்டுவிட்டு வருகிற நோயினால்தான். பற்றவைக்காமல் முறுக்கி மட்டும் விட்ட ஒரு மூட்டில் துரு ஏறி, பகல் வெயிலில் ஒருவிதமாகவும் இரவுக் குளிரில் ஒருவிதமாகவும் நடந்துகொள்ளும். காற்றடிக்கும்போது மட்டும் ஒரு கிளை கம்பியைத் தீண்டும். கம்பத்திலிருந்து மின்சாரம் கசியாதபடி கம்பியைத் தாங்கும் பீங்கான் கிண்ணியின் உட்புறத்துச் சிலந்திவலை, விடியற்காலைப் பனியில் நனைந்திருக்கும்வரை மின்சாரத்துக்கு வழிவிட்டுவிட்டு, வெயிலேறியதும் ஒன்றும் அறியாததுபோல் உலர்ந்து கிடக்கும். நம் நாட்டு வைத்தியர்கள் முறைக்காய்ச்சல் என்று சொல்வார்களே, வைத்தியர் வீட்டுக்குள் நுழையும்போது உடம்பு குளிர்ந்திருந்து, அவர் தெருக்கோடியைக் கடந்ததும் மறுபடி நடுக்கம் காணுமே, அதைப் போன்றது இந்த வியாதி. ஆள் போய்த் தேடுகிற வேளையில் அது இருப்பதில்லை.

இந்த வியாதிக்கு அளவையே மருந்து என்ற ஞானத்தை உலகம் மிகுந்த பொருட்செலவில், கடலுக்கடியில், கற்றுக்கொண்டது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் இட்ட கம்பி வழியே விக்டோரியா ராணியின் வாழ்த்துச் செய்தி சென்றபோது, 98 சொற்கள் கொண்ட அச்செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. அந்தக் கம்பிக்கு மின்சார நிபுணராயிருந்த ஒயிட்ஹவுஸ் என்பவரும் தொழிலால் ரண வைத்தியரே. கம்பி மந்தமாயிருப்பதைக் கண்ட அவர், மந்தத்தின் காரணத்தை அளந்தறியாமல், வீரியமுள்ள மருந்தைக் கூட்டிக் கொடுக்கும் அவசர வைத்தியரைப் போல, ஏறக்குறைய 2,000 வோல்ட் வலிமையுள்ள மின்சாரத்தை அதில் செலுத்தினார். முன்னமே நலிவுற்றிருந்த கம்பி சில வாரங்களில் ஊமையாகிவிட்டது. அடுத்த ஈராண்டுகளில் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்கு இட்ட செங்கடல் கம்பியோ, கடலடிப் பாறை முகடுகளின்மேல் தளர்வின்றி இழுத்துப் போடப்பட்டிருந்ததால் பல இடங்களில் அறுந்து, 8,00,000 பவுன் மூலதனத்தையும் மூழ்கடித்தது. அதற்கு உத்தரவாதம் கொடுத்திருந்த பிரிட்டிஷ் அரசாங்கம், ஒரு செய்தியையும் சுமக்காத கம்பிக்காக ஆண்டுக்கு 36,000 பவுன் வட்டி கட்டிவர நேர்ந்தது. இவ்வித நஷ்டங்களை விசாரிக்க ஏற்பட்ட குழு 1861-இல் அறிக்கை வெளியிட்டபோது, அதுவரை உலகில் இடப்பட்டிருந்த 11,364 மைல் கடற்கம்பியில் வேலை செய்துகொண்டிருந்தது சுமார் 3,000 மைல்தான் என்ற உண்மை வெளிவந்தது.

அந்த விசாரணையின் பயனாகத் தெளிவான பாடம் மிக எளியது. கம்பியைச் செய்யும்போதும், கப்பலில் ஏற்றும்போதும், கடலில் இறக்கும்போதும், இறக்கிய பிறகும், ஒவ்வொரு நிலையிலும் அதன் மின்தடையை அளந்து எழுதிவைக்கவேண்டும் என்பதே அது. எழுதிவைப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டுமே! முழமும் சாணும் ஊருக்கு ஊர் மாறுவதுபோல, அதுவரை மின்தடைக்கு அவரவர் வைத்ததே அளவாயிருந்தது. விஞ்ஞானி வில்லியம் தாம்ஸனின் தூண்டுதலால் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1861-இல் ஒரு குழுவை அமைத்து, 1865-இல் பொது அளவை ஒன்றை வகுத்துக் கொடுத்தது. பின்னாளில் ஓம் என்று நாம் வழங்குவது அதன் வழிவந்ததே. இதற்கிடையில், 1864-இல் பாரசீக வளைகுடாவில் இட்ட இந்தியக் கம்பியை, அதன் பொறியாளர்களான பிரைட்டும் கிளார்க்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து அளந்தே இட்டார்கள்; அக்கம்பி நிலைத்து உழைத்தது.

அளவு கிடைத்த பிறகு, பழுதின் தூரத்தை அறிவது கணக்காகிவிட்டது. அந்தக் கணக்கைச் சற்றே விரித்துச் சொல்வோம். பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்குக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தந்திக்குப் பயன்பட்ட ஒரு வகை இரும்புக் கம்பி மைலுக்கு ஏறக்குறைய 13 ஓம் தடை உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மைல் வழிக்கு மொத்தத் தடை 1,300. நடுவில் எங்கோ கம்பி மரத்தைத் தொட்டு மின்சாரம் பூமியில் இறங்குகிறது. இந்தக் கோடியில் அளக்கிறவருக்கு 900 ஓம் கிடைக்கிறது. அதை 13-ஆல் வகுத்து, பழுது 69-ஆவது மைலில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? கூடாது, ஏனெனில் அந்த 900-க்குள் கம்பியின் தடையோடு, மின்சாரம் மரத்தின் வழியே பூமிக்குள் இறங்குகிற இடத்தின் தடையும் கலந்திருக்கிறது, அது எவ்வளவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே இவர் கம்பியை விட்டுவிட, அந்தக் கோடியிலிருப்பவர் அளக்கிறார். அவருக்கு 1,000 கிடைக்கிறது. இரண்டையும் கழித்தால், அறியாத அந்தப் பழுதின் தடை இரு பக்கமும் சமமாதலால் தானே ஒழிந்துபோகிறது. 900-இலிருந்து 1,000-ஐக் கழித்து, 1,300-ஐக் கூட்டி, பாதியாக்கினால் 600; அதாவது பழுது இந்தக் கோடியிலிருந்து 46 மைல் தூரத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் அளந்திருந்தால் லைன்மேன் 23 மைல் வீணாக நடந்திருப்பான்.

பழுதற்ற மற்றொரு கம்பியும் அதே வழியில் ஓடுமானால் காரியம் இன்னும் சுலபம். தூரத்து அலுவலகத்தில் இரண்டு கம்பிகளையும் முடிச்சிடச் சொல்லி, இந்தக் கோடியில் வீட்ஸ்டன் பாலம் என்னும் தராசு போன்ற கருவியோடு இரு முனைகளையும் பிணைத்து, முள் அசையாமல் நிற்கும் விகிதத்தைக் காணவேண்டும். அந்தக் கருவியை 1833-இல் முதலில் யோசித்தவர் கிறிஸ்டி என்பவர். 1843-இல் வீட்ஸ்டன் அதை உலகறியச் செய்யவே, பெயர் அவருக்குப் போய்விட்டது. விகிதம் மூன்றுக்கு ஏழு என்று நின்றால், போய்வரும் 200 மைலில் பத்தில் மூன்று பங்காகிய 60-ஆவது மைலே பழுதுள்ள இடம். வார்லி, மர்ரே என்பவர்களின் பெயரால் வழங்கும் இந்தச் சுற்றுவழிப் பரீட்சைகள் இன்றும் பூமிக்கடியில் ஓடும் மின்கம்பிகளுக்குப் பயன்பட்டு வருகின்றன.

கருவி இல்லாத சிற்றலுவலகங்களுக்கும் ஓர் உபாயம் இருந்தது. வழியில் உள்ள அலுவலகங்களை ஒவ்வொன்றாக அழைத்து, கம்பியை அங்கே துண்டித்துப் பூமியோடு இணைக்கச் சொல்லி, எந்த அலுவலகம் வரையில் நலமாயிருக்கிறது, எதற்கு அப்பால் கெட்டிருக்கிறது என்று பார்த்தால், பழுது இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும். அதையும் வரிசையாகப் பார்க்காமல், நடுவில் உள்ளதை முதலில் பார்த்துப் பாதியாக்கி, மீதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டு போனால், 160 மைல் வழி நான்கே பரீட்சைகளில் பத்து மைலாகக் குறுகிவிடும்.

இந்த முறைகளையெல்லாம் இந்தியத் தந்தி இலாகாவில் ஒழுங்குபடுத்தியவர் லூயி ஷ்வெண்ட்லர் என்னும் ஜெர்மானியர். கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த இவர், 1868-ஆம் ஆண்டு முதற்கொண்டு கம்பிகளை முறைப்படி அளக்கும் ஏற்பாட்டைப் புகுத்தி, அரசாங்கத்தின் பொருட்டு 1878-இலும் 1880-இலும் இரண்டு பாகங்களாக ஒரு கைந்நூலையும் வெளியிட்டார். தந்தி வழிகளைப் பரீட்சிக்கும் முறைகளோடு, அலுவலகங்களைத் தொழில்நுட்ப ரீதியில் அமைக்கும் விதத்தையும் அந்நூல் தன் தலைப்பிலேயே சேர்த்துச் சொல்கிறது. காட்டிலும் மேட்டிலும் ஓடும் கம்பியைப் பற்றிய நூலுக்கு அலுவலகத்துக்குள் என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். மின்கலத்தின் தளர்ந்த திருகும், இடிதாங்கியில் படிந்த கரியும், கொல்லையில் புதைத்த பூமித்தகட்டைச் சுற்றிக் காய்ந்துபோன மண்ணும், கம்பியின் குற்றமாகவே வெளியில் தோற்றமளிக்கும் என்பதை அனுபவஸ்தர் அறிவார். வீட்டுக்குள் தேடாமல் தெருவில் தேடப்போகிறவனுக்கு, தெரு முழுவதும் குற்றமாகவே தெரியும். ஷ்வெண்ட்லரைப் பற்றி மற்றொரு செய்தியும் சொல்லலாம்: கல்கத்தா அலிப்பூரில் 1876-இல் திறந்த மிருகக்காட்சிசாலைக்கு வித்தாக அமைந்தவை அவர் சொந்தமாக வளர்த்த பிராணிகளே. பேசாத ஜீவன்களின் சுகதுக்கத்தைத் தினந்தோறும் கவனித்து அறிகிற பழக்கமும், பேசாத கம்பியின் நிலையைக் குறித்து வைக்கிற பழக்கமும் ஒரே மனிதரிடம் இருந்ததில் வியப்பில்லை.

அவர் ஏற்பாட்டின் உயிர்நிலை, கம்பி கெட்டபோது அளப்பதில் இல்லை. கெடாதபோது அளப்பதில் இருக்கிறது. நோயில்லாத கைகளைப் பிடித்து நாடியின் இயல்பு நடையைப் பழகிக்கொள்ளாத வைத்திய மாணவன், நோயாளியின் நாடியில் எதைக் கண்டு நோயென்று சொல்வான்? கம்பியும் அப்படியே. வெயிற்காலத்தில் இரும்பின் தடை ஏறும், மழைக்காலத்தில் பீங்கானின் காப்புக் குறையும். இவை நோயல்ல, பருவத்தின் குணங்கள். ஆகையால் அளந்த எண்ணோடு அன்றைய வெப்பத்தையும் சேர்த்து எழுதி, மைலுக்கு இவ்வளவு என்று வகுத்து வைத்துக்கொண்டால்தான், ஒரு நாள் எண் தன் வழக்கத்தை விட்டுச் சற்றே விலகும்போது, செய்தி இன்னும் தடைப்படாத நிலையிலேயே, இன்ன பகுதியில் ஒரு மூட்டு துருப்பிடித்து வருகிறது என்று முன்கூட்டி உணர முடியும். முறைக்காய்ச்சலைப் பிடிக்கவும் இதுவே வழி: அது வந்துபோன நேரங்களை ஏட்டில் வரிசையாகப் பார்க்கும்போது, பனியோடு வருகிறதா, காற்றோடு வருகிறதா, வெயிலோடு வருகிறதா என்பது தானே புலப்பட்டுவிடும்.

இங்கே மனித சுபாவத்தின் பங்கையும் சொல்லியாகவேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஒன்று கெட்டால், இங்கிருப்பவர் முதலில் சொல்வது, ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்பது. அங்கிருப்பவர் சொல்வதும் அதுவே. இருவர் சொல்வதும் மெய்யாயிருந்தால் பழுது என்பதே இருக்க நியாயமில்லை. மேலே காட்டிய கணக்கில், ஒருவர் அளக்கும்போது மற்றவர் கம்பியை விட்டுவிடவேண்டும், பிறகு அவர் அளக்க இவர் விட்டுவிடவேண்டும், இருவரும் கண்ட எண்ணை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இல்லையேல் கணக்கு நிற்காது. கம்பியோ நம்பத்தகாத நிலையில் இருக்கிறது. ஆகவே இருவரும் நம்பியது முன்னரே வகுத்த முறையையும், ஒத்து ஓடும் கடிகாரத்தையும்தான். அந்தக் கடிகாரத்துக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் நட்சத்திரங்களைக் கொண்டு கணித்த நேரம் தந்தி மூலம் நாள்தோறும் அனுப்பப்பட்டு, சென்னை நேரம் என்ற பெயரோடு நாடெங்கும் தந்திக்கும் ரயிலுக்கும் நேரமாயிருந்தது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகே அதன் ஆட்சி முடிந்தது.

2013 ஜூலை 14 இரவோடு இந்தியாவில் தந்தி சேவையும் முடிந்தது. கம்பிகளின் இடத்தில் கண்ணாடி இழைகளும் வானலைகளும் வந்துவிட்டன. ஆனால் தலைமை அலுவலகத்துக்கும் தொலைவில் உள்ள கிளைக்கும் நடுவே இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகிற பழைய வியாதி மட்டும் போகவில்லை. அதை ஆராய்கிற பொறியாளர், 1983-இல் மைக் மியூஸ் என்பவர் எழுதிய பிங் என்னும் சிறிய கட்டளையால் அக்கரையில் உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்ஸன் எழுதிய டிரேஸ்ரூட் என்பதைக் கொண்டு, வழியிலுள்ள நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்லவைத்து, எதுவரையில் நலம், எதற்கு அப்பால் நோய் என்று பார்க்கிறார். பழைய தந்தி குமாஸ்தா அருகில் நின்று பார்த்தால், கருவிதான் புதிது, காரியம் தாம் செய்ததே என்று கண்டுகொள்வார். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்பார்: ‘போன மாதம், எல்லாம் நலமாயிருந்த ஒரு நாளில், இந்தத் தட்டலுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் பிடித்தது?’ இன்றைய அலுவலகங்கள் பலவற்றில் இதற்கு விடை இராது. கெட்ட நாளின் கூச்சல் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தந்தி அலுவலகத்தின் பரீட்சை ஏட்டில் பெரும்பாலான வரிகள், வழக்கமான எண், வழக்கமான வெப்பம், குறை ஒன்றுமில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். எழுதிய நாளில் அவற்றை எவரும் படித்திருக்கமாட்டார்கள். எழுதியவருக்கே அது அலுப்பாயிருந்திருக்கும். என்றோ ஒரு மழைக்கால இரவில் கம்பி ஊமையானபோது, லைன்மேனை விளக்கோடு எந்தத் திசையில், எத்தனையாவது மைலுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தவை அந்த அலுப்பான வரிகளே.